பிறந்தநாள் விருந்தும் நம் சமூகமும்

(ஓசூரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிறந்தநாள் விருந்து என்பதாகும். கல்வி, கடன், கலியாணச் செலவு, கைத்தொழில் முதலிய பெரிய விஷயங்களையே பேசிப் பழகிய இம்மேடையில் இஃதென்ன சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் வாலிபர்கள் சிநேகிதரோடு ஹோட்டலுக்குச் சென்று பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதையும், அதனை முன்னிட்டு நம் இல்லங்களில் எத்துணை மனஸ்தாபங்கள் நிகழ்கின்றன என்பதையும் கவனித்தவர்கள் இதனை அற்ப விஷயம் என்று தள்ளிவிடமாட்டார்கள். சங்கம் இவ்வழக்கத்தைக் கண்டிக்க வேண்டும் என்று பெரியோர் சிலர் விரும்புகின்றனர். சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று வாலிபர் கேட்கின்றனர். இரு திறத்தாருக்கும் நடுவே நின்று, உள்ளதை உள்ளவாறு ஆராய்ந்து பார்ப்பதே நம் நோக்கம்.

பெரியோர் கூறும் குறைகள் நான்கு. முதலாவது, பிறந்தநாள் கொண்டாடுதல் மேல்நாட்டு வழக்கம் என்பது. இரண்டாவது, அது வீண் செலவு என்பது. மூன்றாவது, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தல் அமங்கலம் என்பது. நான்காவது, பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து, யார் கையால் சமைத்ததை உண்கிறார்களோ தெரியவில்லையே என்பது. முதல் மூன்றும் கூட்டத்தில் உரக்கச் சொல்லப்படுகின்றன. நான்காவது திண்ணையிலும் அடுக்களையிலும் தாழ்ந்த குரலில் சொல்லப்படுகின்றது. ஆயினும், உண்மையான கவலை அந்த நான்காவதே என்பது நமது அபிப்பிராயம். ஆகவே, முதலாவதையும் மூன்றாவதையும் சுருக்கமாக முடித்துக்கொண்டு, நான்காவதை விரித்துப் பேசி, செலவு விஷயத்தையும் சொல்லி, பிறகு செய்யத்தக்கவை இவையென்று கூறுவோம்.

பிறந்தநாள் நமக்குப் புதிதா?

பிறந்தநாள் கொண்டாடுதல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியலில் அரசனுடைய பிறந்தநாட் சிறப்புப் பெருமங்கலம் என்னும் பெயரால் குறிக்கப்பெற்றுள்ளது. அந்நாளில் மன்னன் வெள்ளணி பூண்டு, சினம் நீங்கி, போரை ஒழித்து, சிறைப்பட்டோரை விடுவித்து, வரியைத் தவிர்த்து, வேண்டுவோர்க்கு வேண்டுவன கொடுப்பான் என்று உரையாசிரியர் விளக்குவர். முதலாம் இராஜராஜன் பிறந்த சதய நக்ஷத்திரத்தை முன்னிட்டு, தஞ்சைப் பெரிய கோயிலில் இன்றும் ஐப்பசிச் சதயத்தன்று விழா நடைபெற்று வருகின்றது. குழந்தைக்கு ஆண்டு நிறைவும், தந்தைக்கு அறுபதாம் கலியாணமும், எண்பது கண்டவர்க்குச் சதாபிஷேகமும் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளவையே.

ஆனால் இவையெல்லாம் மன்னர்க்கும் செல்வர்க்கும் உரியவையாக இருந்தன. ஏழைக் குடியானவனுக்குப் பிறந்தநாள் என்பதே கிடையாது. ஜாதகம் எழுதிவைக்கப் பொருளில்லாதவர்கள், ‘தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவன்’ என்றோ, ‘ஏரி உடைந்த வருஷத்தில் பிறந்தவள்’ என்றோ வயதைக் கணக்கிட்டனர். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில், அக்காலத்தில் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தன்னகத்தே கொண்டிருந்த சேலம் ஜில்லா பட்ட துன்பம் மிகப் பெரிது. பிற்காலத்திலும், பள்ளியில் சேர்க்கும் அன்று ஆசிரியரே ஒரு தேதியைக் குறித்துக்கொண்டமையால், நம் முதியோரில் பலருக்கு ஏட்டிலுள்ள பிறந்தநாள் ஒன்றும் உண்மையான பிறந்தநாள் வேறொன்றுமாக இருக்கின்றன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தேசமெங்கும் ஒரே முறையாக வந்தது 1969-ஆம் ஆண்டிலேதான். ஆகவே, ஒரு தொழிலாளியின் மகனும் மகளும் தாம் பிறந்த நாள் இன்னதென்று அறிந்து, அதனை மகிழ்ச்சியோடு நினைவுகூர்தல் நம்மவர்க்குக் கிடைத்த ஒரு முன்னேற்றமேயாகும். முன்பு மன்னனுக்கு மட்டும் இருந்த நாள் இன்று ஒவ்வொருவருக்கும் உரியதாயிற்று. அதில் மனத்தாங்கல் கொள்ளக் காரணமில்லை.

மெழுகுவர்த்தி விஷயம் மிகவும் எளிது. தீபத்தை வாயால் ஊதி அணைத்தல் நம் மரபுக்கு ஒவ்வாது என்று கருதுவோர் அதனை விட்டுவிடலாம். காலையில் இல்லத்தில் ஒரு விளக்கேற்றி, பெற்றோரை வணங்கி, விருப்பமுள்ளோர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோ வேறு கோயிலுக்கோ சென்று வந்து, மாலையில் சிநேகிதரோடு உண்டால் இரண்டும் நிறைவேறும்.

ஒரே மேசையின் சரித்திரம்

இனி நான்காவது குறைக்கு வருவோம். பலரும் ஒரே அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணுதல் இன்று நம் வாலிபர்க்கு இயல்பாகத் தோன்றுகின்றது. இது தானாக வந்ததன்று. பலர் அவமானம் பட்டும் வழக்காடியும் பெற்றுத் தந்தது.

பழைய நாளில் வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் இருந்தன. அவற்றுள் பல இன்ன ஜாதியார்க்கு என்றே ஏற்பட்டவை. பின்னர் நகரங்களில் காபி ஹோட்டல்கள் தோன்றியபோது, அவற்றுள்ளும் பிராமணர்க்குத் தனி அறையும் ஏனையோர்க்கு வேறிடமும் வைக்கப்பட்டிருந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கோ உள்ளே நுழையவே இடமில்லை. புகைவண்டி நிலையங்களின் உணவறைகளிலும் ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் பலகைகள் தொங்கின. ஒரே வண்டியில், ஒரே பலகையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியவுடன் இரு வேறு கதவுகள் வழியே சென்று உண்டனர். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் செய்த கிளர்ச்சியின் பயனாக 1941-ஆம் ஆண்டில் அவ்வேற்றுமை ரயில்வேயில் ஒழிந்தது.

அதற்கும் முன்னரே, சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நிறுவிய குருகுலத்தில், தேசத் தொண்டுக்கென்று ஒன்றாகச் சேர்ந்த மாணாக்கர்க்குள் இருவருக்கு மட்டும் தனியே உணவு அளிக்கப்பட்டது என்ற செய்தி 1925-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டையே கலக்கிவிட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்து நின்றனர். சோறு உண்ணும் வரிசை ஒரு தேசியப் பிரச்சினையானதை அன்றைய காங்கிரஸ்காரர் கண்கூடாகக் கண்டனர்.

நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், எம். ஸி. ராஜா அவர்கள் கொண்டுவந்த மசோதா 1938-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. பொதுஜனங்கள் வந்துபோகும் இடங்களில் தாழ்த்தப்பட்டோரைத் தடுத்தல் குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சாசனத்தின் 15-வது விதி, மதம், ஜாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றைக் காரணமாகக் காட்டி ஒருவரையும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் தடுக்கலாகாது என்று கூறுகின்றது. 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீறுவோர்க்குத் தண்டனை வகுத்தது. இத்தனைக்குப் பின்னும் தேநீர்க் கடைகளில் ஒரு சாரார்க்கு வேறு குவளை வைக்கும் இரட்டைக் குவளை வழக்கம் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நெடுங்காலம் நீடித்ததை நாம் அறிவோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறன்று. யாழ்ப்பாணத்தில் 1960-களின் பிற்பகுதியில், தேநீர்க் கடைக்குள் சமமாக உட்கார்ந்து அருந்தும் உரிமைக்காகத் தமிழரே தமிழரோடு போராட நேர்ந்தது. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்னும் ஊரில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று நான்கு நீக்ரோ மாணவர்கள் (அக்காலத்தில் அவர்களை அவ்வாறே அழைத்தனர், கறுப்பினத்தவர் என்பதே இன்றைய வழக்கு) வெள்ளையர் மட்டுமே உண்ணும் ஒரு சிற்றுண்டி வரிசையில் உட்கார்ந்து காபி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. அவர்கள் எழுந்து போகவுமில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் அக்கடை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஒரு கோப்பை காபியின் விலை சில காசுகளே. அதனை உட்கார்ந்து அருந்தும் உரிமையின் விலை அத்தனை பெரிதாக இருந்தது.

ஆகையால், பிறந்தநாளன்று பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யார் யார் என்று கேளாமல் உண்பதைக் காணும்போது, ‘காலம் கெட்டுவிட்டது’ என்று சொல்லுதல் தகாது. அந்த மேசை மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஓசூரின் நிலைமை

இப்பகுதியின் நிலைமையைச் சிறிது ஆராய்வோம். ஒருபுறம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்குகின்றது. மற்றொருபுறம் ஆந்திர எல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. கேழ்வரகு மாவில் கிண்டிய உருண்டையைத் தமிழர் களி என்பர், கன்னடியர் முத்தே என்பர், தெலுங்கர் சங்கட்டி என்பர். பெயர் மூன்றானாலும் பானை ஒன்றே. சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் இங்கே அமைந்தது. அதன் பின்னர் மோட்டார் லாரி, இரு சக்கர வாகனம், கைக்கடிகாரம் முதலியவற்றைச் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் வந்தன. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இப்பொழுது மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்துள்ளன. அவற்றில் வேலை செய்யும் பல்லாயிரவர் இளம் பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கின்றனர். தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்தவர்கள் ஓர் அறையில் நால்வர் ஐவராக வாழ்கின்றனர்.

இவ்வாறு பெற்றோரையும் உற்றாரையும் விட்டுப் பிரிந்து வந்த ஒரு வாலிபனுக்கோ யுவதிக்கோ பிறந்தநாள் வருகின்றது. வீட்டில் இருந்தால் தாய் எண்ணெய் தேய்த்து நீராட்டிப் பாயசம் வைத்துத் தருவாள். இங்கே யார் உளர்? உடன் வேலை செய்யும் சிநேகிதரே உளர். அவர்களுக்குள் ஒருவன் இரவு முறை வேலை முடிந்து காலையில் உறங்குவான். மற்றொருவன் பகல் முறைக்குப் போவான். இருவரும் சந்திக்கக்கூடிய ஒரு பொழுதில் ஒரு ஹோட்டலில் கூடுகின்றனர். அவ்வறையில் அடுப்பில்லை. இருந்தாலும் பத்துப் பேருக்குச் சமைக்க இடமில்லை. ஆதலின் ஹோட்டல் அவர்களுக்கு ஆடம்பரமன்று. அதுவே அவர்களுடைய கூடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்கள் பிறந்தநாளன்றுதான் முதன்முதலில் சேர்ந்து உண்கிறார்கள் என்று எண்ணவேண்டா. 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் சிற்றுண்டிச்சாலை அமைக்கும்படி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழிவகுத்தது. அதன் பயனாக நாள்தோறும் ஒரே வரிசையில் தட்டை ஏந்தி நின்று, ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டு, ஒரே பலகையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கம் இரண்டு தலைமுறையாக இங்கே வேரூன்றிவிட்டது. பிரசங்கங்கள் செய்யாத வேலையை அந்தச் சாம்பார் வாளி செய்திருக்கின்றது. பிறந்தநாள் விருந்து அந்த வரிசையிலிருந்து கிளைத்ததேயாகும். ஆலையில் கட்டாயத்தினால் சேர்ந்து உண்டவர்கள் ஹோட்டலில் விருப்பத்தினால் சேர்ந்து உண்கின்றனர்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு விருந்தில் அதிகாலையில் எழுந்து சமைப்பவள் தாய். பரிமாறுபவள் தாய். எல்லோரும் உண்டபின் ஆறிப்போன மிச்சத்தை உண்பவளும் தாயே. தன் மகனைப் பெற்ற நாளில் அவளுக்கு நேரும் சிறப்பு இது. குடும்பத்தோடு ஹோட்டலுக்குச் செல்லும்போது அவளும் சூடான உணவை முதற்பந்தியில் உட்கார்ந்து உண்கின்றாள். ஆண்டுக்கு ஒரு வேளையாயினும் அவ்வாறு நேர்வது நன்றேயன்றோ?

செலவும் சிக்கனமும்

இவ்வளவும் கூறியதனால் இவ்வழக்கத்தில் குறையே இல்லை என்பது கருத்தன்று. செலவைப் பற்றிப் பெரியோர் சொல்வதில் பெரும்பகுதி நியாயமே.

பிறந்தவனே எல்லோருக்கும் வாங்கித்தர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பல இடங்களில் காணப்படுகின்றது. ஆலையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சிச் சம்பளம் பெறும் ஒரு பையன், மூத்தவர்கள் கேலி செய்வார்களென்று அஞ்சிக் கடன் வாங்குகின்றான். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் 12 பேர் என்றும், ஒருவருக்கு உணவுக்கு ரூ. 300 ஆகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். பிறந்தவனே கொடுப்பதானால் ஒரே இரவில் அவனுக்கு ரூ. 3,600 செலவு. அவ்வாறன்றி ஒவ்வொரு விருந்திலும் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பதானால், ஆண்டில் 12 விருந்துகளுக்கு ஒருவருக்கு ஆவதும் அதே ரூ. 3,600 தான். ஆனால் அது மாதம் ரூ. 300 வீதம் பிரிந்து வருவதால் ஒருவர் தலையிலும் ஒரே நாளில் விழாது. ஒரு மாதத்தில் பிறந்த இருவருக்கோ மூவருக்கோ சேர்த்து ஒரே விருந்தாக நடத்தினால் தொகை மேலும் குறையும். இந்தச் சிறு கணக்கைச் செய்துகொள்ளாமையினாலேயே பல பையன்கள் அட்டைக் கடனிலும் கைப்பேசிக் கடனிலும் சிக்கிக்கொள்கின்றனர். பங்கு கொடுக்க இயலாதவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்குரியதை மற்றவர்கள் அவன் அறியாதவாறே பகிர்ந்துகொள்ளுதல் நட்புக்கு அழகு.

ஹோட்டல் ரசீதையும் வாசித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சாதாரண உணவு விடுதிகளில் சரக்கு சேவை வரி 5 சதவீதம். அது சர்க்காருக்குச் சேர்வது. ‘சேவைக் கட்டணம்’ என்று வேறொன்று எழுதப்பட்டிருந்தால் அதனைக் கொடுப்பதும் கொடாததும் நம் விருப்பம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் பரிமாறும் பிள்ளைக்குத் தனியே ஏதேனும் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அவனும் நம் பிள்ளைகளைப் போலவே ஊரை விட்டு வந்தவன். அவனை ‘டேய்’ என்று விளிப்பவன் தன் பிறந்தநாளைத் தானே சிறுமைப்படுத்திக்கொள்கிறான்.

வீணாக்குதல் மற்றொரு குறை. கேக்கை வாங்கி முகத்தில் பூசி எறிகின்றனர். பத்துப் பேருக்குப் பதினைந்து பேருக்கான பிரியாணியைத் தருவித்து மூன்றில் ஒரு பங்கை இலையிலேயே விடுகின்றனர். உலகத்தில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் வீணாக்கப்பட்ட உணவு சுமார் 105 கோடி டன் என்றும், அதில் சுமார் 29 கோடி டன் உணவு விடுதிகள் முதலிய இடங்களில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்புக் கணக்கிட்டுள்ளது. பஞ்சத்தால் வயதைக் கணக்கிட்ட ஊரார் நாம். அளவாகத் தருவித்து, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருதல் நமக்கு வெட்கமன்று.

குடியைப் பற்றி ஒரே வார்த்தை. நம் ஊரின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகின்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோர்க்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி முதற்குற்றத்துக்கே ரூ. 10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சட்டம் விட்டாலும் சாலை விடாது. பிறந்தநாளே இறந்தநாளாக முடிந்த வீட்டில் பெற்றோர் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசற்படி

பெரியோர்க்கும் வாலிபர்க்கும் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னோம். இனி இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். இதுவே இன்றைய பேச்சின் முக்கியமான பாகம்.

ஹோட்டலில் சேர்ந்து உண்ணுதல் எளிது. அங்கே சமைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லுவாரில்லை. தட்டு நமதன்று, மேசை நமதன்று. பணம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தால் காரியம் முடிந்தது. ஆனால் அதே சிநேகிதன் மறுவாரம் நம் வீட்டுக்கு வருகின்றான் என்று வைத்துக்கொள்வோம். ‘எந்த ஊர் தம்பி?’ என்று பாட்டி கேட்கின்றாள். ‘அந்த ஊரில் எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வருகின்றது. தெருவின் பெயரைக் கேட்டால் ஜாதி தெரிந்துவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. பதில் சொன்னதும், எவர்சில்வர் தம்ளரில் வரவிருந்த காபி காகிதக் குவளையில் வருகின்றது. கூடத்துக்கு வரவிருந்தவன் திண்ணையிலேயே உட்கார்த்தப்படுகின்றான். ஒருவரும் கடிந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆயினும் அவன் எல்லாவற்றையும் அறிந்துகொள்கின்றான். நம் பையனும் அறிந்துகொண்டு, மறுமுறை சிநேகிதரை வீட்டுக்கு அழையாமல் ஹோட்டலுக்கே அழைத்துச் செல்கின்றான். பிள்ளைகள் ஏன் ஹோட்டலுக்கு ஓடுகின்றனர் என்று கேட்கும் பெரியோர்கள், இதனையும் ஒரு காரணமாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

இது கற்பனையன்று. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவிலுள்ள மேரிலாந்து சர்வகலாசாலையும் சேர்ந்து 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் 42,000-க்கு மேற்பட்ட குடும்பங்களை விசாரித்தன. உங்கள் வீட்டில் தீண்டாமை அனுஷ்டிக்கப்படுகின்றதா என்றும், இல்லையென்றோர் வீட்டுச் சமையலறையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்து பாத்திரங்களைப் பயன்படுத்தினால் ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டனர். சுமார் 27 சதவீதக் குடும்பத்தினர் தம் வீட்டில் அவ்வழக்கம் உண்டென்பதை ஒப்புக்கொண்டனர். வாயால் ஒப்புக்கொண்டவர்கள் இத்தனை பேர் என்றால், செய்கையில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் தம் அடுக்களையைப் பார்த்து அறியலாம்.

நம் சமூகத்தை ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. நம் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. ஒதுக்கப்பட்ட கதையை மட்டும் மேடையில் பேசிவிட்டு, ஒதுக்கிய கதையை மறந்துவிடுதல் நீதியாகாது. ஹோட்டல் கதவைத் திறந்துவிடச் சட்டத்தால் முடிந்தது. அடுக்களைக் கதவைச் சட்டம் திறக்க முடியாது. அதனை வீட்டிலுள்ளவர்களே திறக்க வேண்டும்.

ஜாதிச் சங்கங்கள் இதில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கேரளத்தில் சேராயி என்னும் ஊரில் 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஈழவ வகுப்பைச் சேர்ந்த ஐயப்பன் என்னும் வாலிபர், தம் வகுப்பாரும் புலையர் வகுப்பாரும் சேர்ந்து உண்ணும் சமபந்தி ஒன்றை நடத்தினார். அவரை முதலில் கண்டித்தவர்கள் மேல்ஜாதியார் அல்லர். அவ்வூரிலிருந்த அவருடைய ஜாதிச் சபையே அவரையும் உடனுண்டவர்களையும் விலக்கி வைத்தது. ஸ்ரீ நாராயண குருவோ அவரை ஆசீர்வதித்தார். ஆண்டுகள் சென்றன. ஐயப்பன் சகோதரன் ஐயப்பன் என்ற பெயரோடு கொச்சியில் மந்திரியாக விளங்கினார். விலக்கி வைத்த சபையாரின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. நம் சங்கம் அச்சபையைப் போல நடப்பதா, அந்த வாலிபரைப் போல நடப்பதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

செய்யத்தக்கவை

ஆகவே, சங்கத்தாருக்கும் வாலிபர்க்கும் சில யோசனைகளைக் கூறி முடிக்கின்றோம்.

முதலாவது, பிறந்தநாள் விருந்தை மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்து நடத்துக. அவரவர் பங்கை அவரவர் கொடுக்க. கடன் வாங்கி விருந்து செய்வதில்லை என்று வாலிபர்கள் தமக்குள்ளே உறுதி செய்துகொள்க.

இரண்டாவது, ஆண்டில் ஒரு முறையேனும் தாய் தந்தையரை அவ்விருந்துக்கு அழைத்துச் செல்க. தம் பிள்ளை யாரோடு பழகுகிறான் என்பதை அவர்கள் கண்ணாலே கண்டால், காணாமையால் வரும் சந்தேகங்கள் தாமே தீரும்.

மூன்றாவது, ஹோட்டலில் உடனுண்ட சிநேகிதர் ஒவ்வொருவரையும் ஆண்டுக்குள் ஒரு முறையேனும் தம் இல்லத்துக்கு அழைத்து, கூடத்தில், ஒரே பந்தியில், வீட்டார் உண்ணும் பாத்திரத்திலேயே உணவளிக்க. தெருவின் பெயரைக் கேட்க வேண்டா. வந்தவன் பீகாரியாயினும், சேரியிலிருந்து வந்தவனாயினும், அவனுக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே இலை. வேறு விருந்து செய்ய வசதியில்லாதார் களியும் கீரையும் இட்டாலும் போதும்.

நான்காவது, நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று நடக்கும் விருந்து இதுவரை நம்மவர்க்கு மட்டுமே என்று இருந்து வருகின்றது. இனி ஒவ்வொரு குடும்பமும் நம் வகுப்பைச் சேராத ஒரு சிநேகிதரையேனும் அவ்விருந்துக்கு அழைத்து வர வேண்டும் என்ற தீர்மானத்தை நிர்வாக சபையார் பரிசீலிக்க வேண்டுகின்றோம். இதனைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். ஆயினும், வாலிபர்கள் ஹோட்டலில் செய்துகொண்டிருப்பதை நாம் சங்க மண்டபத்தில் செய்யமாட்டோம் என்றால், அவர்கள் சில ஆண்டுகளில் மண்டபத்தை விட்டு ஹோட்டலுக்கே போய்விடுவார்கள். சங்கம் வெறும் முதியோர் கூடமாக முடியும்.

பழந்தமிழ் மன்னன் தன் பிறந்தநாளில் பகையைத் தணித்துச் சிறையைத் திறந்தான் என்று முன்பு சொன்னோம். நம்மிடம் சிறைச்சாலை இல்லை. வீட்டு வாசற்படி இருக்கின்றது. அதனைத் திறந்து வைத்தல் நம்மால் ஆகக்கூடியதே.